கேட்டுப் பெற்ற பெருமாட்டி
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் வாழ்க்கை வரலாறு

ஆண்டுதோறும் சுகாதாரத் தாதியர் நம் பள்ளிக்கு வருவதை மாணவச் செல்வங்கள் நன்கு அறிவர். அன்று பாடவேளை சற்றுக் குறையும். எடையும் உயரமும் பார்ப்பர். கண்ணையும் காதையும் சோதிப்பர். உரிய வகுப்பினருக்குத் தடுப்பூசியும் போடுவர். ஊசியைக் கண்டதும் அழத் தொடங்கும் சிறுவரும் உண்டு. அஞ்சாதவர்போல் நின்று, கண்களை மட்டும் இறுக மூடிக்கொள்ளும் வீரரும் உண்டு. தாதியர் சென்றதும் அந்நிகழ்ச்சியை நாம் மறந்துவிடுகிறோம். மழை பெய்வது போலவும் வெயில் காய்வது போலவும் இவை தாமாகவே நடைபெறுகின்றன என்று எண்ணிவிடுகிறோம்.

உண்மை அதுவன்று. மக்களுக்கு அரசாங்கம் செய்யும் நன்மைகளுள் பல, யாரோ ஒருவர் எழுந்து நின்று கேட்டதனால் வந்தவை. மருத்துவமனை வேண்டும் என ஒருவர் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்தை ஆராய வேண்டும் என ஒருவர் கேட்டார். பெண் குழந்தைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி வேண்டும் என ஒருவர் கேட்டார். ஒருமுறை கேட்டு விடை வராதபோது மறுமுறையும் கேட்டார். அவ்வாறு கேட்பதையே தம் தொண்டாகக் கொண்டு, தமிழ்நாட்டின் சட்டமன்றத்தில் ஒலித்த முதற் பெண்குரலாக விளங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அப்பெருமாட்டியின் வாழ்க்கையை இம்மலரில் சிறிது காண்போம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அந்நாளில் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி அரசாக இருந்தது. தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வியில் சிறந்தவர், அவ்வூர் மகாராசா கல்லூரியின் தலைவராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள், இசையையும் ஆடலையும் வழிவழியாகப் பேணிவந்த குலத்தில் தோன்றியவர். அக்குலத்துப் பெண்கள் சிலரைச் சிறு வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இச்செய்தியை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். அம்மையாரின் வாழ்வில் பின்னர் நிகழ்ந்த பெரும் போராட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊரார் எண்ணியிருந்த காலம் அது. பருவம் எய்திய பெண் வீட்டுப்படி தாண்டலாகாது என்பதும் எழுதாத சட்டமாக இருந்தது. முத்துலட்சுமியும் பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். மகளுக்கு விரைவில் மணம் முடிக்க வேண்டும் என்பது தாயாரின் கவலை. மகளின் அறிவு வீணாகிவிடக் கூடாது என்பது தந்தையாரின் கவலை. தந்தையாரே வீட்டில் ஆசிரியரானார். வீட்டிலிருந்தே படித்து, மெட்ரிகுலேசன் தேர்வில் மகள் வெற்றி பெற்றார்.

அடுத்தது கல்லூரி. மகாராசா கல்லூரியோ ஆண்கள் பயிலும் இடம். பெண் ஒருத்தியைச் சேர்த்தால் ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளவும் எண்ணினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. சேர்த்துக்கொள்ளுமாறு அவர் ஆணையிடவே, 1904ஆம் ஆண்டில் முத்துலட்சுமி அக்கல்லூரியின் முதல் மாணவியானார். மூடிய வண்டியிலே கல்லூரிக்குச் சென்றார். வகுப்பிலே அவருக்கும் மாணவர்களுக்கும் இடையே திரை கட்டப்பட்டிருந்தது. ஆசிரியரின் குரல் திரையைக் கடந்து அவர் செவிக்கு எட்டியது. அது போதும் என்று படித்தார்.

திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்த அச்சிறுமி, பின்னொரு நாள் ஒரு மாகாணத்தின் சட்டமன்றத்தில் தலைமை இருக்கையிலே அமர்வார் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

மருத்துவக் கல்வியும் தொண்டும்

1907ஆம் ஆண்டில் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதற் பெண் மருத்துவர் இவரே என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. மேரி ஷார்லீப் முதலிய பெண்கள் 1875ஆம் ஆண்டிலேயே அக்கல்லூரியில் பயிலத் தொடங்கியிருந்தனர். வங்காளத்திலும் பெண் மருத்துவர் இருந்தனர். ஒருவரைப் போற்றும்போது மற்றவரின் பெருமையை மறைத்தல் ஆகாது. ஆயினும் அம்மையாரின் பெருமைக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. நலிந்த உடலோடும், ஓயாது வந்த இருமல் நோயோடும் போராடி, 1912ஆம் ஆண்டில் சிறப்புற்ற மாணவியாகத் தேறினார். பின்னர் எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் மருத்துவராகப் பணியேற்றார்.

1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணத்திற்கு முன்னரே தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பொதுப் பணிக்குத் தடையாக இருத்தல் கூடாது என்று உறுதி பெற்றுக்கொண்டார் என்பர். அவ்வுறுதியைக் கணவரும் இறுதிவரை காத்தார். இவர்களுக்கு ஆண்மக்கள் இருவர்.

மருத்துவமனையில் அம்மையார் நாள்தோறும் கண்ட காட்சிகள் அவர் உள்ளத்தை வாட்டின. விளையாடும் வயதிலேயே மணமாகி, உடல் முதிருமுன்னரே தாயாகி, மகப்பேற்றில் உயிர்விட்ட சிறுமியரைக் கண்டார். ஆண் மருத்துவரிடம் செல்ல நாணி, நோய் முற்றிய பின்னரே வந்த தாய்மாரைக் கண்டார். பாலும் தூய நீரும் இன்றி நலிந்த குழந்தைகளைக் கண்டார். 1923ஆம் ஆண்டில் அவருடைய தங்கையார் ஒருவர் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்ற துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

1925ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் உதவி பெற்று, இங்கிலாந்து சென்று மேற்பயிற்சி பெற்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களையும் புற்றுநோய் மருத்துவத்தையும் அங்கே கற்றார். 1926ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஒரு மருத்துவர் ஒருநாளில் நூறு நோயாளிகளைப் பார்க்கலாம். ஆனால் நூறாயிரம் பேர் நோயுறாமல் காக்க வேண்டுமாயின் அதற்குச் சட்டம் வேண்டும். பணம் ஒதுக்க வேண்டும். அரசாங்கம் மனம் வைக்க வேண்டும். மருந்துப் புட்டியால் மட்டும் தீராத நோய்கள் நாட்டில் பல உள்ளன என்பதை அம்மையார் உணர்ந்தார்.

சட்டமன்றத்தில் ஒரு பெண்

அக்காலத்தில் இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. இன்றைய தமிழ்நாடும், ஆந்திர, கேரள, கன்னடப் பகுதிகள் சிலவும் சேர்ந்து சென்னை மாகாணம் எனப்பட்டன. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921ஆம் ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. எனினும் உறுப்பினராகும் உரிமை 1926ஆம் ஆண்டில்தான் பெண்களுக்குக் கிட்டியது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் சிறு வேறுபாட்டில் தோல்வியுற்றார். இந்திய மாதர் சங்கத்தினர் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரை முன்மொழிய, அரசாங்கம் அவரை உறுப்பினராக நியமித்தது. 1927ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். உலகிலேயே ஒரு சட்டமன்றத்தின் துணைத் தலைவரான முதற் பெண் என்று அவரைப் போற்றுவர்.

மருத்துவத் தொழிலைக் குறைத்துக்கொள்ள நேருமே என்று அவர் முதலில் தயங்கியதும் உண்டு. அவையிலே அத்தனை ஆடவருக்கு நடுவே தாம் ஒருவரே பெண் என்பதையும் அவர் அறிவார். ஆயினும் மருத்துவமனையில் தாம் கண்ட தாய்மாரும் சேய்களும் அவரை அவைக்குள் அனுப்பினர் என்றே நாம் கொள்ள வேண்டும்.

கேள்வி என்னும் கருவி

இங்கே சட்டமன்ற உறுப்பினர்கள் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் முறையை மாணவர்கள் சிறிது தெரிந்துகொள்வது நலம்.

இந்தியாவில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மன்றங்களில் உறுப்பினர் எவரும் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க இயலாது. அரசாங்கம் கொண்டுவரும் சட்டத்தைப் பற்றி மட்டுமே பேசலாம். 1892ஆம் ஆண்டில்தான் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. அப்போதும் சொன்ன விடையைக் கேட்டுக்கொண்டு அமர்ந்துவிட வேண்டும்; அவ்விடையின்மேல் மறுகேள்வி எழுப்புதல் கூடாது. 1909ஆம் ஆண்டுச் சட்டம், கேள்வி கேட்டவரே துணைக் கேள்வியும் கேட்கலாம் என்று வழிவிட்டது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை ஏனைய உறுப்பினர்க்கும் விரித்தது. ஒரு சிறு கேள்வி கேட்கும் உரிமையைப் பெறவே மக்களுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வுரிமையின் அருமை விளங்கும்.

அந்த 1919ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டை ஆட்சி முறையை ஏற்படுத்தியது. காவல், நிதி, நிலவரி முதலியவை ஆளுநரும் அவருடைய நிருவாகக் குழுவினரும் தம் கையில் வைத்துக்கொண்ட துறைகள். கல்வி, பொதுச் சுகாதாரம், மருத்துவம், உள்ளாட்சி முதலியவை சட்டமன்றத்திற்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் விடப்பட்ட துறைகள். ஆகவே மருத்துவமனையையும் பள்ளியையும் பற்றி அமைச்சரை நேரே கேட்கலாம். ஆனால் பணப்பெட்டியின் திறவுகோல் மறுபுறத்தாரிடம் இருந்தது. செய்ய விருப்பந்தான், பணம் இல்லை என்ற விடையே பல வேளைகளில் வந்தது.

உறுப்பினர் கையில் நான்கு கருவிகள் இருந்தன. முதலாவது கேள்வி. உறுப்பினர் தம் கேள்வியை எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அமைச்சரின் அலுவலகம் அதனை மாவட்டங்களுக்கு அனுப்பி, செய்தி திரட்டி, விடையை ஆயத்தம் செய்யும். எத்தனைப் பள்ளிகள், எத்தனை மருத்துவர், எவ்வளவு செலவு என்ற கணக்கெல்லாம் வெளியே வரும். அவையில் சொன்ன விடை அச்சேறிவிடும். பிறகு அரசாங்கம் அதனை மறுக்க முடியாது. இரண்டாவது தீர்மானம். இன்னது செய்க என்று அவை அரசாங்கத்திற்குச் செய்யும் பரிந்துரை அது. மூன்றாவது வரவுசெலவுத் திட்டத்தின்போது ஒரு துறைக்குக் கேட்கும் பணத்தில் சிறு தொகையைக் குறைக்குமாறு கொண்டுவரும் வெட்டுத் தீர்மானம். நூறு ரூபாயைக் குறைப்பது நோக்கமன்று. அத்துறையின் குறைகளை அவையின் முன் வைப்பதே நோக்கம். நான்காவது, உறுப்பினர் தாமே கொண்டுவரும் சட்ட முன்வரைவு.

மாணவர்களே, இந்நான்கும் படிகள் போன்றவை. கேள்வியால் உண்மையை அறியலாம். தீர்மானத்தால் அவையின் கருத்தை ஒன்று திரட்டலாம். வரவுசெலவு விவாதத்தால் நெருக்கலாம். சட்டத்தால் நிலைபெறச் செய்யலாம். அம்மையார் இப்படிகளில் பொறுமையாக ஏறினார்.

பிள்ளைகளுக்காக எழுப்பிய குரல்

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று அம்மையார் அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள பெரியவர் அன்று. அதன் நோயும் வேறு, அதற்குரிய மருத்துவமும் வேறு என்பதை மருத்துவரான அவர் எடுத்துரைத்தபோது அவை செவிசாய்த்தது. பள்ளிப் பிள்ளைகளை ஒழுங்காக மருத்துவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். கண் பார்வை குன்றிய பிள்ளை கரும்பலகையைக் காண முடியாமல் மந்தன் என்று பெயர் வாங்குவதும், காது கேளாத பிள்ளை அடங்காதவன் என்று அடி வாங்குவதும் எல்லா ஊரிலும் நடப்பவைதாமே! நோயைக் கண்டறியாமல் பிள்ளையைக் குறை சொல்லுதல் அறமாகுமா?

ஏழைப் பெண் குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்பு வரையில் கட்டணம் வாங்கலாகாது என்றும், நகரசபைகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றும் அவர் வாதாடினார். 1928ஆம் ஆண்டில் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்பது அவர் கேட்டது. மறு ஆண்டு இந்திய அரசாங்கம் நிறைவேற்றிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வகுத்தது. கேட்டதனைத்தும் கிடைக்கவில்லை, ஆனால் கேளாதிருந்தால் கிடைத்திருக்குமோ?

இந்தியக் கல்வி நிலையை ஆராய அமைந்த ஹார்ட்டாக் குழுவிலும் அம்மையார் உறுப்பினராக இருந்தார். நாடெங்கும் சென்று பெண்கல்வியின் நிலையை நேரில் கண்டார். அவையில் அவர் பேசியபோது வெறும் உணர்ச்சியை மட்டும் நம்பவில்லை. மருத்துவமனையில் கண்டதையும் பயணத்தில் கேட்டதையும் அரசாங்க அறிக்கைகளில் படித்ததையும் ஒன்றுசேர்த்துப் பேசினார். ஆதாரத்தோடு வரும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது அரிது.

மிகப் பெரிய போராட்டம்

அம்மையாரின் சட்டமன்ற வாழ்வில் மிகக் கடினமாக அமைந்தது பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க நடத்திய போராட்டமே. அறியாப் பருவத்துச் சிறுமியைக் கோயிலுக்கு உரியவள் என்று பொட்டுக் கட்டிவிட்டால், அவளுக்கு இல்லறம் இல்லை, ஊராரிடம் மதிப்பில்லை, தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை. தாயார் பிறந்த குலத்தின் துயரம் இது. வேறொருவராயின் மறைத்திருப்பர். அம்மையார் மறைக்கவில்லை, நாட்டின் முன் எடுத்து வைத்தார்.

1927ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இதனைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவை அதனை ஏற்றது. ஆனால் தீர்மானம் பரிந்துரையே அன்றிச் சட்டமாகாது. எனவே அம்மையார் வேறொரு வழியை ஆராய்ந்தார். கோயிற் பணிக்காக இப்பெண்கள் பலருக்கு மானிய நிலங்கள் இருந்தன. பணியை விட்டால் நிலமும் போய்விடும். வறுமை வந்து சூழும். அந்த அச்சமே அவர்களைக் கட்டிவைத்த சங்கிலி என்பதை அம்மையார் கண்டார். கோயிலுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டு, பணியினின்று நீங்கி, நிலத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்று இந்துசமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். அது 1929ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. நோயின் அடையாளத்தை மட்டும் பாராது, அதன் காரணத்தைத் தேடிச் சென்ற மருத்துவரின் அறிவை இங்கே காண்கிறோம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பழைய வழக்கத்தைத் தொடலாகாது என்று கூறினோர் இருந்தனர். அக்குலத்துப் பெண்களிலேயே ஒரு சாரார், தம் கலையும் சொத்துரிமையும் அழிந்துவிடும் என்று அஞ்சி, அரசாங்கத்திற்கு விண்ணப்பம் அனுப்பினர். அவர்களுடைய அச்சத்தையும் நாம் இகழ்தல் ஆகாது. ஆடலையும் பாடலையும் அழியாமல் காத்தவர் அவர்களே. அவைக்கு வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இவ்வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். காந்தியடிகளும் பெரியாரும் இம்முயற்சிக்குத் துணைநின்றனர்.

பொட்டுக் கட்டுதலையே அடியோடு தடுக்கும் சட்ட முன்வரைவை 1930ஆம் ஆண்டில் அம்மையார் கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்குள் அவர் அவையை விட்டு விலகினார். அச்சட்டம் 1947ஆம் ஆண்டில்தான் வந்தது. விதைத்தவர் அவையில் இல்லை. ஆயினும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பயிர் விளைந்தது. நல்ல கேள்வி ஒன்று, கேட்டவர் எழுந்து போன பின்னரும் அவையிலேயே அமர்ந்திருக்கும் போலும்!

பதவியைத் துறந்தார், பணியைத் துறந்திலர்

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். மே மாதத்தில் அவரை அரசாங்கம் சிறைப்படுத்தியது. அச்செய்தி கேட்டு அம்மையார் தம் உறுப்பினர் பதவியையும் துணைத் தலைவர் பதவியையும் துறந்தார். தம்மை நியமித்த அரசாங்கமாயினும், அது தவறு செய்யும்போது அதன் நிழலில் அமர்ந்திருக்க அவர் உள்ளம் ஒப்பவில்லை. தாம் அவையில் பெற்ற பட்டறிவை அவ்வாண்டிலேயே ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார்.

அதே காலத்தில், பொட்டுக் கட்டும் வழக்கத்தினின்று தப்பி வந்த சிறுமியர் மூவர் அடைக்கலம் தேடி அம்மையாரின் இல்லத்திற்கு வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்துவிட்டன. சட்டம் வந்துவிட்டது, ஆனால் அச்சிறுமியர் இரவு உறங்க ஓர் இடமில்லை! அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. தமிழ்மூதாட்டியின் பெயர் தாங்கிய அவ்வில்லம் பின்னர் அடையாற்றில் நிலைகொண்டு, ஆதரவற்ற பெண் குழந்தைகள் எண்ணிறந்தோர்க்குத் தாய்வீடாயிற்று. அரசாங்கத்தைக் கேட்டவர், தம்மையும் கேட்டுக்கொண்டார். பிறர் செய்ய வேண்டியதை மட்டும் பேசிவிட்டுத் தாம் செய்ய வேண்டியதை மறப்போர்க்கு இது நல்ல பாடம்.

தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

தங்கையைக் கொண்டுபோன நோயை அம்மையார் மறக்கவில்லை. 1935ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அப்போது புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். புற்றுநோய் வந்தவர் பிழைப்பதில்லை. அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதே அக்காலத்துப் பொதுவான நினைப்பு. ஆண்டுகள் பல கழிந்தன. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அம்மையாருக்கு அப்போது வயது 67.

அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அம்மருத்துவமனையை வளர்க்கத் தம் வாழ்வையே அளித்தார். அவரோடு 1955ஆம் ஆண்டில் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021ஆம் ஆண்டில் மறையும்வரை அங்கேயே தொண்டாற்றினார். தங்கைக்குச் செய்ய இயலாததை ஏழை எளியோர் பல்லாயிரவர்க்குச் செய்ய வழிவகுத்த பெருமை முத்துலட்சுமி அம்மையாருக்கு உரியது.

1956ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், தம் 82ஆம் வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில், அம்மையார் இயற்கை எய்தினார். ஏழைத் தாய்மாருக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயராலேயே அமைந்தது. எழும்பூர் மருத்துவமனையில் இளம் தாய்மாருக்காகக் கண்ணீர் விட்டவருக்கு இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறென்ன இருக்க முடியும்?

நாம் கற்க வேண்டியது

நம் நாட்டு நாடாளுமன்றத்திலும் கேள்வி நேரம் உண்டு. மக்களவை கூடும்போது உறுப்பினர்கள் அமைச்சர்களை மருத்துவமனை, பள்ளி, சாலை, குடிநீர் பற்றியெல்லாம் கேட்கின்றனர், அமைச்சர்கள் விடையளிக்கின்றனர். செய்தியில் அதனைக் காணும்போது பெரியவர்கள் ஏதோ வாதிடுகின்றனர் என்று எண்ணி மாணவர்கள் வேறு பக்கம் திரும்பிவிட வேண்டா. அங்கே பேசப்படுவது உங்கள் ஊர் மருந்தகத்தைப் பற்றியதாக இருக்கலாம். உங்கள் பள்ளிக் கூரையைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

ஆசிரியர்களாகிய நாமும் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடத்தை முடிக்கும் விரைவில், கேள்வி கேட்ட பிள்ளையைப் பேசாமல் உட்கார் என்று நாம் அமர்த்திய நாட்கள் உண்டு. கை உயர்த்திய சிறுவன் கையைக் கீழிறக்கிக்கொண்டான். மறுநாள் அவன் கை உயரவில்லை. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று நாம் மகிழ்ந்தோம். முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அந்தக் கை நம் நினைவுக்கு வருகிறது. வகுப்பிலே கேட்கப் பழகாத பிள்ளை, நாளை ஊருக்காக எங்கே எழுந்து நின்று கேட்கப் போகிறது? பெற்றோரும் வீட்டிலே இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! கேள்வி கேட்பது வேறு, எதிர்த்துப் பேசுவது வேறு. முதலில் செய்தியை அறிந்துகொள்ளுங்கள். பணிவோடு கேளுங்கள், ஆனால் அஞ்சாமல் கேளுங்கள். உங்களுக்காக மட்டும் கேளாமல், கேட்க வாயற்றவர்க்காகவும் கேளுங்கள். விடை வராவிட்டால் சோர்ந்துவிடாமல் மீண்டும் கேளுங்கள். உங்களால் செய்யக் கூடியதைக் கேட்டுக்கொண்டிராமல் நீங்களே செய்யுங்கள்.

அடுத்த முறை தாதியர் நம் பள்ளிக்கு வந்து உங்கள் கண்ணைச் சோதிக்கும்போது, மூடிய வண்டியில் கல்லூரி சென்று, திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்ட ஒரு சிறுமியை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வதில் குற்றமில்லை. உலகில் உள்ள குறைகளைக் காணும்போது மட்டும் கண்ணை மூடாதீர்கள்.

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க நம் பள்ளி!